எந்தப் பேப்பருக்கு இந்த நெகட்டிவ்?

இருட்டறைக்குத் திரும்பியிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

ஃபிலிம் சுருளைக் கழுவிக் காயப்போட்டதும் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது நல்ல நெகட்டிவா?" என்கிறீர்கள். "எதில் பிரிண்ட் போடப் போகிறாய்?" என்று நான் திருப்பிக் கேட்டால் முகம் வாடிவிடுகிறது. பதில் சொல்லாமல் தப்பிக்கிறேன் என்று நினைக்கிறீர்கள். இல்லை. அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் உங்கள் கேள்விக்கு என்னால் விடை சொல்லவே முடியாது. அதை நின்று விளக்க நேரில் நேரம் வாய்ப்பதில்லை, ஆகவே இந்த மடல்.

எழுதத் தூண்டியவை இரண்டு. ஒன்று, உங்களில் பலர் சாதாரண புரோமைடு பேப்பரோடு நிற்காமல் சயனோடைப், சால்ட் பிரிண்ட், பிளாட்டினம், கம் என்று இறங்கியிருக்கிறீர்கள். மனம் நிறைகிறது. ஆனால் ஒரே நெகட்டிவை எல்லாவற்றுக்கும் எடுத்துப் போகிறீர்கள். பிரிண்ட் சாம்பல் பூத்துக் கிடந்தால் கெமிக்கலைத் திட்டுகிறீர்கள், தாளை மாற்றுகிறீர்கள், காசைக் கரைக்கிறீர்கள். இன்னொன்று, பழைய ஸ்டுடியோக்களின் கண்ணாடி நெகட்டிவ்கள் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும்போது, "ரொம்ப அடர்த்தி, பிரிண்டுக்கு ஆகாது" என்று ஒதுக்கிவிடுகிறீர்கள். இரண்டும் ஒரே தவறான எண்ணத்திலிருந்து வருகின்றன: நெகட்டிவுக்கென்று தனியாக ஒரு நல்லது கெட்டது இருக்கிறது என்ற எண்ணம். அப்படி எதுவும் கிடையாது. பேப்பரோடு சேர்த்துப் பார்த்தால்தான் நெகட்டிவுக்குத் தரம் உண்டு.

கொஞ்சம் கணக்குப் பார்த்துவிடுவோம். பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடத்து மடக்கைதான். நெகட்டிவில் ஓர் இடம் எவ்வளவு வெளிச்சத்தைத் தடுக்கிறது என்பதே அதன் அடர்த்தி. அடர்த்தி 0.3 கூடினால் ஊடே வரும் வெளிச்சம் பாதியாகிவிடும். அதாவது ஒரு ஸ்டாப். விவரம் தெரியும் நிழலின் அடர்த்தியை, விவரம் தெரியும் வெளிச்சப் பகுதியின் அடர்த்தியிலிருந்து கழித்தால் வருவது அந்த நெகட்டிவின் அடர்த்தி வீச்சு. பேப்பருக்கும் இதேபோல ஒரு வீச்சு உண்டு: முழுக் கறுப்புக்கும் வெறும் தாளின் வெள்ளைக்கும் நடுவே எத்தனை ஸ்டாப் வெளிச்ச வேறுபாட்டை அது வாங்கிக்கொள்ளும் என்பது. இரண்டு வீச்சும் பொருந்தினால் பிரிண்ட் தானாக எழுந்து நிற்கும். பொருந்தாவிட்டால் நீங்கள் எத்தனை டெஸ்ட் ஸ்டிரிப் போட்டாலும் சண்டைதான்.

நாம் அன்றாடம் பயன்படுத்தும் மல்டிகிரேடு பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 2ஆம் நம்பர் ஃபில்டரில் அதன் வீச்சு ஏறத்தாழ 1.1. 5ஆம் நம்பரில் 0.4தான், 00 போட்டால் 1.8 வரை நீளும் என்று தயாரிப்பாளரின் அட்டவணை சொல்கிறது. இந்த அட்டவணையோடு உங்கள் என்லார்ஜரையும் சேர்த்துப் பாருங்கள். கன்டென்சர் வைத்த பழைய என்லார்ஜரில், வெள்ளித் துகள்கள் நேர்க்கோட்டு ஒளியைச் சிதறடிப்பதால், அதே நெகட்டிவ் ஏறக்குறைய ஒரு கிரேடு கூடுதல் கடினமாக விழும். ஆகவே கன்டென்சர்க்காரருக்கு 0.8 வீச்சுள்ள நெகட்டிவ் போதும். டிஃப்யூஷன் தலை வைத்திருப்பவருக்கு 1.05 வேண்டும். பக்கத்து வீட்டு நண்பரின் டெவலப் நேரத்தை அப்படியே எடுத்துப் போட்டு ஏமாறுவது இங்கேதான்.

மற்ற முறைகளுக்கு வாருங்கள். ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த சயனோடைப், அதன் பழைய சூத்திரப்படி, 1.2 முதல் 1.5 வரை கேட்கும். பிளாட்டினமும் பலேடியமும் கலந்த கரைசல் 1.5க்கு மேல், தனிப் பலேடியம் 1.8ஐயும் தாண்டும். டால்பட் காலத்து சால்ட் பிரிண்டும், பிளாங்கார்-எவ்ரார் 1850இல் கொண்டுவந்த ஆல்புமெனும் 1.8, 2.0 என்று இன்னும் நீளும். கம் பைக்ரோமேட் நேர் எதிர்: ஒரு பூச்சுக்கு 1.0 கூடத் தாங்காது. கார்பன் இதிலெல்லாம் சேராது. டைக்ரோமேட் கரைசலின் பலத்தைக் கூட்டிக் குறைத்து அதை உங்கள் நெகட்டிவுக்கு வளைத்துக்கொள்ளலாம். பொறுமைசாலிகளுக்கு நான் கார்பனைச் சொல்வது அதனால்தான். இவை எல்லாமே தாளுக்குத் தாள், ஈரப்பதத்துக்கு ஈரப்பதம், பூசும் கைக்குக் கை மாறும்.

இப்போது ஒரு காட்சி. வெயில் நேரத்துத் தெரு. திண்ணை நிழலில் ஒரு கதவு, வெயிலில் வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர். லைட் மீட்டரில் இரண்டுக்கும் இடையே 7 ஸ்டாப். மடக்கையில் 2.1. ஃபிலிமை வழக்கம்போல டெவலப் செய்தால் இது ஏறத்தாழ பாதியாகச் சுருங்கி 1.05 ஆகும். 2ஆம் கிரேடுக்குக் கச்சிதம். அதே நெகட்டிவை சால்ட் பேப்பரின் மேல் வைத்து வெயிலில் போடுங்கள். கதவு முழுக் கறுப்பாக, சரியாகச் சொன்னால் முழுப் பழுப்பாக, வரும்வரை காத்திருந்தால் வேட்டிக்குத் தேவைக்கு மேல் ஏறக்குறைய 3 ஸ்டாப் வெளிச்சம் போயிருக்கும். வேட்டி செம்மண் படிந்ததுபோல் ஆகிவிடும். வேட்டி வெளுப்பாக இருக்கட்டும் என்று சீக்கிரம் எடுத்தால் கதவு நீரூற்றிய காப்பி நிறத்தில் நிற்கும். கெமிக்கல் மேல் பிழையில்லை. அந்த நெகட்டிவ் வேறொரு பேப்பருக்காகப் பிறந்தது.

சால்ட் பேப்பருக்கென்று அதே காட்சியை எடுப்பவர் என்ன செய்வார்? ஃபிலிமுக்குத் தாராளமாக ஒரு ஸ்டாப் அதிக வெளிச்சம் கொடுப்பார். நிழல் விவரம் ஃபிலிம் வளைவின் அடிவாரத்தில் நசுங்காமல் மேலேறி நிற்க வேண்டும். பிறகு டெவலப்பரில் ஒன்றரை மடங்கு நேரம், சில ஃபிலிமுக்கு இரண்டு மடங்கு. நேரத்தைக் கூட்டினால் நிழல் அதிகம் நகராது. வேட்டிதான் ஏறிக்கொண்டே போகும். 2.1ஐ 1.05 ஆகச் சுருக்காமல் 1.9க்குக் கொண்டுபோவதுதான் வேலை. கழுவி எடுத்துச் செய்தித்தாளின் மேல் வைத்துப் பாருங்கள். புரோமைடு பேப்பருக்கான நெகட்டிவில் மிக அடர்ந்த இடத்தின் ஊடேயும் எழுத்தைப் படிக்கலாம். சால்ட் நெகட்டிவில் எழுத்து இருப்பது தெரியும், படிக்க முடியாது. இதைப் பார்த்துத்தான் பயந்துபோய், "சுட்டுவிட்டேன்" என்று என்னிடம் ஓடி வருகிறீர்கள். சுடவில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும்.

டெவலப்பரில் தள்ளினால் கிரெயின் பெருக்காதா என்று கேட்பீர்கள். பெருக்கும். 35 மி.மீ. ஃபிலிமைத் தள்ளி என்லார்ஜரில் போட்டால் கண்ணை உறுத்தும். ஆனால் நான் சொல்லும் பழைய முறைகள் எல்லாமே காண்டாக்ட் பிரிண்ட். நெகட்டிவ் எந்த அளவோ படமும் அந்த அளவு. பெருக்கம் இல்லாத இடத்தில் கிரெயின் தெரியப்போவதில்லை.

சால்ட், ஆல்புமென் போன்ற வெயில் பேப்பர்களுக்கு ஏன் இவ்வளவு நீண்ட வீச்சு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இந்தத் தாள்களில் படம் டெவலப்பரில் தோன்றுவதில்லை. வெயிலிலேயே கறுத்து வருகிறது. நிழல் பகுதி முதலில் கறுக்கும். கறுத்த அந்தப் படலமே தனக்குக் கீழே இருக்கும் வெள்ளி உப்புக்குக் குடையாகிவிடும். அதனால் நிழல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ள, வெளிச்சப் பகுதி மெல்ல வந்து சேர்ந்துகொள்ளும். நிழல் அடைபடாமல், வெளிச்சம் வெளிறாமல் இரண்டும் ஒரே தாளில் நிற்பது இந்தத் தற்காப்பினால்தான். வெயிலையே கிரேடு போலப் பயன்படுத்தவும் முன்னோர் அறிந்திருந்தார்கள்: மெலிந்த நெகட்டிவ் என்றால் ஃபிரேமை நிழலில் வைத்து நிதானமாக, அடர்ந்தது என்றால் உச்சி வெயிலில். மெதுவாகப் பதிந்தால் கான்ட்ராஸ்ட் கூடும், வேகமாகப் பதிந்தால் குறையும்.

லினேயஸ் டிரைப் என்ற பெயரை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரி. பிறகு சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை என்று பெரிய நெகட்டிவ்களைச் சுமந்து அலைந்து எடுத்தார். மெழுகேற்றிய காகித நெகட்டிவ், கண்ணாடி நெகட்டிவ் இரண்டையும் பயன்படுத்தினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே காட்சியாக்கினார். அவர் படங்களின் வானம் பலருக்குத் தெரியாத சங்கதி. அன்றைய காகித நெகட்டிவும் கண்ணாடித் தட்டும் நீல ஒளிக்கு மட்டுமே மசியும் என்பதால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும்; டிரைப் நெகட்டிவின் மேலேயே நிறம் தீட்டி மேகத்தை வரைந்தார், இலைகளைத் திருத்தினார். பிரிண்டில் என்ன வரவேண்டும் என்று தீர்மானித்துவிட்டு நெகட்டிவுக்குத் திரும்பி வந்து வேலை செய்தவர் அவர். ஆயிரங்கால் மண்டபத்தின் உள்ளிருட்டையும் வெளியே அடிக்கும் வெயிலையும் அந்தக் காலத்துப் பேப்பர் தாங்கியது அதன் நீண்ட வீச்சினால். இன்றைய 2ஆம் கிரேடு பேப்பரில் அப்படிப்பட்ட நெகட்டிவைப் போட்டால் தூண்களும் இருட்டும் மட்டும்தான் மிஞ்சும்.

ஃபெர்டினாண்ட் ஹர்ட்டரும் வெரோ டிரிஃபீல்டும் 1890இல் அடர்த்தியை அளந்து வளைவாக வரைந்து காட்டியதற்கு முன்பே முன்னோர் இதையெல்லாம் கைப்பழக்கத்தில் செய்தார்கள். அதன் பிறகும் ஒரே பேப்பருக்கு வாழ்க்கையைக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். இங்கிலாந்தின் ஃபிரெடரிக் எவன்ஸ் பேராலயங்களை எடுத்தார். 1903இல் வெல்ஸ் பேராலயத்தின் தேய்ந்த படிக்கட்டுகளை எடுத்த படம் புகழ்பெற்றது. முதல் உலகப் போரை ஒட்டிப் பிளாட்டினம் பேப்பர் விலையேறிக் கிடைக்காமல் போனதும் அவர் படமெடுப்பதையே விட்டுவிட்டார். பிடிவாதம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது நேர்மையாகப்படுகிறது. அவர் கண்ணும் நெகட்டிவும் அந்தப் பேப்பரின் சாம்பல் படிகளுக்குப் பழகியவை.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். ஃபிலிம் தேர்வே முதல் படி. 1.9, 2.0 என்று அடர்த்தியை ஏற்றிக்கொடுக்க எல்லா ஃபிலிமும் சம்மதிக்காது. எஃப்பி4 பிளஸ் நன்றாக ஏறும். அதனால்தான் பழைய முறைக்காரர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். எச்பி5 பிளஸ் இளகிய மனசு, ஒரு கட்டத்துக்கு மேல் முரண்டு பிடிக்கும். புரோமைடு பேப்பருக்கு அதே குணம்தான் அழகு. டி-மேக்ஸ் 100 ஷீட் ஃபிலிமில் வேறொரு சிக்கல்: புற ஊதா ஒளியைத் தடுக்கும் தன்மை அதற்கு உண்டு. சயனோடைப்பும் பிளாட்டினமும் அந்த ஒளியில்தான் பதிகின்றன. கண்ணுக்குப் பளிங்குபோல் இருக்கும் நெகட்டிவ் பிரிண்ட் ஃபிரேமில் மணிக்கணக்கில் குந்திக்கொண்டிருக்கும்.

பைரோ டெவலப்பர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், உங்களில் பலர் அதன் புகழ் கேட்டு வாங்கி வைத்திருக்கிறீர்கள். பைரோகாலும் பைரோகேட்டகாலும் வெள்ளியோடு சேர்த்து மஞ்சள், பச்சை அல்லது பழுப்புக் கறையையும் படிய வைக்கின்றன. அந்தக் கறை நம் கண்ணுக்கு மெலிது. நீல ஒளியிலும் புற ஊதாவிலும் பதியும் பேப்பருக்கோ அது ஒரு கனத்த திரை. எனவே பைரோ நெகட்டிவைக் கண்ணால் பார்த்து "மெலிந்துவிட்டது" என்று தீர்ப்பெழுதாதீர்கள். அதே நெகட்டிவ் பிளாட்டினத்துக்குப் போதுமான வீச்சோடு நிற்கக்கூடும். மல்டிகிரேடு பேப்பரில் அதே கறை வேறு வேடம் போடும். மஞ்சள் பச்சைக் கறை மென்மையான ஃபில்டர்போல் வேலை செய்து, அடர்ந்த இடங்களில் கான்ட்ராஸ்டைக் குறைத்துவிடும். மேகமும் வேட்டியும் பதமாக விழும். ஒரே நெகட்டிவ் ஒரு பேப்பருக்குக் கடினமாகவும் இன்னொன்றுக்கு மென்மையாகவும் இருப்பது இப்படித்தான். இரண்டு முறைக்கும் ஒரே ஃபிலிமைப் பயன்படுத்த வேண்டிய கட்டாயம் இருப்பவர்களுக்கு நான் பைரோவைத்தான் சொல்வேன்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு ஸ்டெப் டேப்லெட் வாங்குங்கள். ஸ்டௌஃபர் 21 படி வைத்தது போதும். படிக்குப் படி 0.15, அதாவது அரை ஸ்டாப். நீங்கள் பூசிய தாளின் மேல் அதை வையுங்கள். பக்கத்தில் டெவலப் செய்த வெற்று ஃபிலிம் துண்டு ஒன்றையும் வையுங்கள். அந்த வெற்று ஃபிலிமின் ஊடே முழுக் கறுப்பு வர எவ்வளவு குறைந்த நேரம் போதும் என்று முதலில் கண்டுபிடியுங்கள். அந்த நேரத்துக்குப் பதித்து, கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு எண்ணுங்கள். முழுக் கறுப்புக்கும் வெறும் தாளுக்கும் நடுவே எத்தனை படி தெரிகிறதோ அதை 0.15ஆல் பெருக்கினால் உங்கள் தாளின் வீச்சு. 12 படி என்றால் 1.8. காய்ந்த பிறகு என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சயனோடைப் கழுவும்போது வெளிச்சப் பகுதியில் கொஞ்சம் கரைந்து ஓடும், காயும்போது நீலம் ஆழமாகும், ஈரத்தில் எண்ணினால் ஏமாற்றும். ஒரு மாலைப் பொழுது இதற்குச் செலவாகும். அதன் பிறகு எத்தனையோ மாலைகள் மிச்சம்.

டெவலப்பரின் சூட்டையும் பிடித்துக் கட்டுங்கள். நம் ஊரில் கோடையில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டும். 20 டிகிரிக்கு எழுதிய நேரத்தை அந்தத் தண்ணீரில் போட்டால், நீங்கள் அறியாமலேயே சால்ட் பிரிண்ட் நெகட்டிவ் செய்துகொண்டிருப்பீர்கள். ஐஸ் போட்ட தொட்டியில் டேங்கை நிறுத்துங்கள், அல்லது உங்கள் சூட்டுக்கு உங்கள் நேரத்தைச் சோதித்து எழுதிக்கொள்ளுங்கள். எதுவானாலும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கட்டும்.

ஏற்கெனவே எடுத்துவிட்ட நெகட்டிவ்களை என்ன செய்வது? மெலிந்து போனதை செலினியம் டோனரில் போட்டால் அடர்ந்த இடங்கள் இன்னும் கொஞ்சம் ஏறும். ஏறக்குறைய ஒரு ஸோன், அதாவது காட்சியில் ஒரு ஸ்டாப் வேறுபாட்டுக்கு ஈடான அளவு. அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அடர்ந்து போனதை ஃபெரிசயனைடும் ஹைப்போவும் கலந்த ஃபார்மர் ரெடியூசரில் குறைக்கலாம், ஆனால் அது நிழல் விவரத்தையும் தின்னும், திருப்பித் தராது. எனவே நெகட்டிவைத் திருத்துவதற்கு முன் அதற்குப் பொருந்தும் பேப்பரைத் தேடுங்கள். மெலிந்த நெகட்டிவ் கம்முக்குப் பொருந்தலாம், பூச்சுக்குப் பூச்சு அடுக்கலாம். 1.1 வீச்சுள்ள சாதாரண நெகட்டிவ் பழைய சயனோடைப்புக்கு அநேகமாகக் கிட்டத்தில்தான் இருக்கும். தொடக்கக்காரர்களுக்கு நீலம் கைகொடுப்பதன் ரகசியம் அதுவே. அடர்ந்தது சால்ட்டுக்கு.

ஸ்கேன் செய்து, பிளாஸ்டிக் தாளில் இங்க்ஜெட்டில் அச்சிட்டு, பெரிய டிஜிட்டல் நெகட்டிவ் செய்கிறீர்களே, அதை நான் இழிவாக நினைக்கவில்லை. 35 மி.மீ. நெகட்டிவிலிருந்து பெரிய பிளாட்டினம் பிரிண்ட் போட அது நல்ல வழி. ஒன்று மட்டும்: அங்கேயும் பேப்பரின் வளைவைச் சோதித்து அதற்கேற்ப டோன்களை மாற்றித்தான் அச்சிட வேண்டும். கம்ப்யூட்டர் வந்ததால் பொருத்தம் பார்க்கும் வேலை போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது.

கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். டைக்ரோமேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நஞ்சு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். சில்வர் நைட்ரேட் கண்ணில் பட்டால் பார்வை போகலாம். பூசும்போது கண்ணாடி அணியுங்கள்.

இனி அந்தக் கண்ணாடி நெகட்டிவ்கள். நம் ஊர் ஸ்டுடியோக்களில் ஒரு காலத்தில் பி.ஓ.பி. என்று சொன்ன வெயில் பேப்பரில்தான் புரூஃப் போட்டார்கள். அதற்கென்று எடுத்த தட்டு அடர்ந்துதான் இருக்கும். முகத்தில் பென்சிலால் டச்சிங் செய்திருப்பார்கள். சாய்த்துப் பிடித்தால் கோடுகள் மினுங்கும். அந்தத் தட்டை மல்டிகிரேடு பேப்பரில் போட்டு, முகம் சுண்ணாம்பாகவும் புடவை கரியாகவும் வந்ததும் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள் என்று கேள்விப்படும்போது வயிறு எரிகிறது. ஒரு குடும்பத்தின் ஒரே படம் அதில் இருக்கலாம். பாரிசில் அட்ஜே என்ற புகைப்படக்காரர் எடுத்த கண்ணாடித் தட்டுகளும் வெயில் பேப்பருக்காகவே ஆனவை. 1927இல் அவர் இறந்த பிறகு பெரனீஸ் ஆபட் என்ற பெண் அவற்றை வாங்கிக் காப்பாற்றிப் பல பத்தாண்டுகள் சுமந்திராவிட்டால் இன்று நமக்கு அந்தப் பழைய பாரிஸ் இல்லை. 1968இல் அவை நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆகவே அப்படி ஒரு பெட்டி உங்கள் கைக்கு வந்தால் இப்படிச் செய்யுங்கள். டச்சிங் மீது தண்ணீரோ துணியோ படக்கூடாது. தூசியை மெல்லிய தூரிகையால் மட்டும் தட்டுங்கள். முதலில் ஒவ்வொன்றையும் லைட் பாக்சில் வைத்து டிஜிட்டல் கேமராவால் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஜெலட்டின் உரிந்த தட்டையும் விரிசல் விட்ட தட்டையும் பிரிண்ட் ஃபிரேமில் அழுத்தவே கூடாது. அவற்றுக்குப் பிரதியிலிருந்து செய்த நெகட்டிவ்தான். திடமாக இருக்கும் தட்டை சால்ட் பேப்பரில் போட விரும்பினால், தாள் நன்றாகக் காய்ந்திருக்கட்டும், நடுவே மெல்லிய பாலியெஸ்டர் தாள் ஒன்றை வையுங்கள். சில்வர் நைட்ரேட் ஈரம் பட்டால் தட்டில் கறை விழும், போகாது. ஃபிரேமை வெயிலில் வைத்துவிட்டு அவ்வப்போது ஒரு பக்கம் திறந்து பாருங்கள். ஹைப்போவில் கொஞ்சம் வெளிறும் என்பதால் வேண்டிய அளவைவிடச் சற்றுக் கறுக்க விடுங்கள். முகத்தில் கன்ன மேடும், புடவையில் சரிகை மடிப்பும் ஒருசேர வருவதைப் பார்ப்பீர்கள்.

உங்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். இனி எடுக்கும் ஒவ்வொரு நெகட்டிவின் கவர் மேலும் தேதி, ஃபிலிம், டெவலப்பர், சூடு, நேரம் இவற்றோடு எந்த முறைக்காக எடுத்தது என்பதையும் பென்சிலில் எழுதி வையுங்கள். பழைய தட்டுகளின் கவரில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் பாதி தப்பியிருக்கும். என்னிடம் காட்ட வரும்போது ஸ்டெப் டேப்லெட் பிரிண்டையும் கூடவே எடுத்து வாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுவோம்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னே இருட்டறையில் நின்ற ஒருவர்